ஒரு சுல்தானின் பெயரைப் படித்த கதை

தில்லியை 1211 முதல் 1236 வரை ஆண்ட சுல்தானின் பெயர் என்ன? பள்ளியில் இடைக்கால இந்திய வரலாறு படித்தவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். ஆனால், அந்த விடை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா அல்தமிஷ் என்பார். தந்தை இல்துமிஷ் என்பார். பேரன் இல்துத்மிஷ் என்பான். மூவரும் சொல்வது ஒரே மனிதரைத்தான். குதுப் மினாரைக் கட்டி முடித்தவர், வெள்ளித் தங்காவை நிலையான நாணயமாக்கியவர், தன் மகள் ரசியாவை வாரிசாகக் கருதியவர் என்று அவரைப் பற்றிய செய்திகள் எல்லாருக்கும் தெரியும். பெயர் மட்டும் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு பேரரசர், அவர் காலத்திலேயே எழுதப்பட்ட வரலாற்று நூல்கள், கல்வெட்டுகள், நாணயங்கள் என இவ்வளவு சான்றுகள் இருந்தும் பெயரில் இந்தக் குழப்பம் ஏன்? காரணம் எழுத்தில் இருக்கிறது. பாரசீகம் அரபு எழுத்தில் எழுதப்படுகிறது. அதில் குற்றுயிர்களை எழுதுவது வழக்கமில்லை. படிப்பவர்தாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்தப் பெயரை எழுதும்போது தாளில் விழுவன அலிஃப், லாம், தே, தே, மீம், ஷீன் என்னும் ஆறு எழுத்துகள் மட்டுமே. முதல் எழுத்தை 'அ' என்றும் படிக்கலாம், 'இ' என்றும் படிக்கலாம். நடுவிலுள்ள இரண்டு 'தே' எழுத்துகளும் சொல்லின் இடையே வரும்போது சிறு பல் போன்ற ஒரு மேடும், அதன் மேல் இரண்டு புள்ளிகளுமாகச் சுருங்கிவிடும். அவசரத்தில் படியெடுப்பவர் ஒரு பல்லை விட்டுவிட்டால் 'இல்துத்மிஷ்' என்பது 'அல்தமிஷ்' ஆகிவிடும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோருக்கு இந்தத் தொல்லை புதிதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பாடலின் பொருளும் யாப்பும் தெரிந்தவருக்கே ஏடு பிடிகொடுக்கும். தாய்மொழி நூலுக்கே அப்படியென்றால், பாரசீகம் மட்டும் அறிந்த எழுத்தர், தமக்குப் புரியாத ஒரு துருக்கிய மொழிப் பெயரைப் படியெடுக்கும்போது என்னவெல்லாம் நேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நேர்ந்தது இதுதான். 19ஆம் நூற்றாண்டில் தில்லி சுல்தான்களின் நாணயங்களை ஆராய்ந்த எட்வர்டு தாமஸ் முதலான ஆங்கிலேயர்கள் 'அல்தம்ஷ்' என்று எழுதினார்கள். சுல்தான் காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் சிராஜின் 'தபகாத்-இ-நாசிரி'யை மொழிபெயர்த்த ராவர்ட்டி, 'இயல்திமிஷ்' என்றார். துருக்கி அறிஞர் ஹிக்மத் பாயுர், அது 'இலெத்மிஷ்' ஆக வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வாதிட்டார். இவற்றுள் பாயுரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 'இல் எத்மிஷ்' என்றால் நாட்டை ஒழுங்கமைத்தவன் என்று பொருள். 8ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் புல்வெளியை ஆண்ட உய்குர் ககான் ஒருவரின் பட்டத்திலேயே அத்தொடர் உண்டு.

இவர்கள் அனைவருக்கும் முன்பே, அக்பர் காலத்து வரலாற்றாசிரியரான பதாவுனி ஒரு விளக்கம் தந்திருந்தார். சந்திர கிரகண இரவில் பிறந்த குழந்தைக்குத் துருக்கியர் இடும் பெயர் இது என்றார் அவர். கேட்பதற்கு அழகான கதை. இன்றும் பலர் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அந்தக் கதை முற்றிலும் காற்றில் பிறந்ததன்று என்பதுதான் இதில் வியப்பு. துருக்கி மொழியில் 'ஆய்' என்றால் நிலவு. 'துத்' என்றால் பிடி. சந்திர கிரகணத்துக்கு இன்றும் அம்மொழியில் 'ஆய் துதுல்மாசி' என்றே பெயர். அதாவது, நிலவு பிடிபடுதல். பதாவுனிக்குச் செய்தி சொன்னவருக்குப் பெயரில் 'துத்' இருப்பது தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள சொல்தான் மாறிவிட்டது. பிழையான விளக்கத்துக்குள்ளும் சரியான விடையின் ஒரு துண்டு ஒளிந்திருந்தது.

ரஷ்ய அறிஞர் பார்தோல்ட் 1907இல் ஒரு சிறு குறிப்பில் 'இல்துத்மிஷ்' என்ற வாசிப்பை முன்வைத்தார். ஆனால், அறிஞர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு வாசிப்பு நிலைத்துவிடாது. சைமன் டிக்பி 1970இல் இந்தப் பெயருக்காகவே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். இவ்வழக்கைத் தீர்த்துவைத்த சான்றுகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கவிதை. சுல்தான் காலத்துக் கவிஞர்களின் பாரசீகச் செய்யுள்களில் அவர் பெயர் வரும் இடங்களில், இல்-துத்-மிஷ் என்று படித்தால் மட்டுமே ஓசை கெடாமல் நிற்கிறது. நம் யாப்பில் சொல்வதானால், இப்பெயர் நேர்-நேர்-நேர். 'இலெத்மிஷ்' என்று படித்தால் அது நிரை-நேர் ஆகிவிடும். புரவலரின் பெயரை வைத்துப் பாடி அவர் எதிரிலேயே படிக்கும் புலவன் அதில் ஓசைப்பிழை விடமாட்டான். படியெடுப்பவரின் கை தவறலாம். பாடுபவரின் நாக்கு அவ்வளவு எளிதில் தவறுவதில்லை.

மற்றொன்று, 'தாஜுல் மஆசிர்' என்ற நூலின் ஒரு கைப்பிரதி. ஹிஜ்ரி 829இல், அதாவது 1425-26இல் எழுதப்பட்ட அப்பிரதியில், அந்த எழுத்தர் வழக்கத்துக்கு மாறாக இப்பெயரில் 'உ' ஒலிக்கான குறியை இட்டிருக்கிறார். அந்தச் சிறு சுழி ஒன்றினால் அல்தமிஷ், இயல்திமிஷ், இலெத்மிஷ் மூன்றும் அடிபட்டுப் போயின.

இந்திய மக்களின் காதில் இப்பெயர் எப்படி விழுந்தது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. நாகரிப் பொறிப்புகளில் அது 'லிதித்மிசி' என்று காணப்படுகிறது. சுல்தான் இறந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் தில்லிக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, 'லல்மிஷ்' என்று எழுதிக்கொண்டார். இரண்டிலும் முதல் உயிர் தேய்ந்து லகரம் முன்னால் வந்து நிற்பதைக் கவனிக்கலாம். லிதித்மிசியில் இரண்டு தகரங்களும் தப்பியிருக்கின்றன. பெரிய பெரிய அறிஞர்கள் தவறவிட்ட அந்த ஒலியைப் பெயர் தெரியாத பொறிப்பாளர் ஒருவர் காப்பாற்றிவைத்திருக்கிறார்.

இனிப் பொருளுக்கு வருவோம். இல், துத், மிஷ் என்று மூன்று துண்டுகள்.

'இல்' அல்லது 'எல்' என்பது துருக்கிய மொழிகளின் மிகப் பழைய அரசியல் சொல். ஒரு தலைமையின்கீழ் ஒன்றுபட்ட குடிகள், அவர்கள் வாழும் நிலம், அங்கு நிலவும் அமைதி ஆகிய மூன்றையும் அது குறிக்கும். நாடு, அரசு என்ற நம் சொற்களை இணைத்தால் ஓரளவு நெருங்கலாம். இன்றைய துருக்கிக் குடியரசின் 81 மாகாணங்களுக்கும் 'இல்' என்றே பெயர். தூதரைக் குறிக்கும் 'எல்சி' என்ற சொல்லும் இதிலிருந்து கிளைத்ததே. நம் இல்லமாகிய 'இல்'லுக்கும் இதற்கும் உறவு கொண்டாடச் சிலருக்கு ஆசை எழக்கூடும். வேண்டாம். ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதாவுனியின் கிரகணக் கதையே போதிய பாடம்.

'துத்' என்பது பிடி. இந்த வினைக்குத் துருக்கி மொழியில் உள்ள வீச்சைப் பார்த்தால் தமிழருக்கு வியப்பாக இருக்கும். அங்கே மீனைப் பிடிப்பதற்கும் 'துத்'தான். கிரகணம் பிடிப்பதற்கும் 'துத்'தான். ரமலான் மாதத்தில் அவர்கள் நோன்பைப் 'பிடிக்கிறார்கள்'. தமிழ் முஸ்லிம்களும் அப்படியே 'நோன்பு பிடிக்கிறோம்' என்கிறார்கள். அகராதியில் தேடாமலே தமிழர் உணர்ந்துகொள்ளக்கூடிய சொல் இது. ஆனால், ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. தமிழில் 'நாடு பிடித்தவன்' என்றால், பிறர் நாட்டைப் படையெடுத்துக் கைப்பற்றியவன் என்று ஆகிவிடும். துருக்கிய வழக்கில் அது பொருளன்று.

அதைத் தெளிவாக்க மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். 732இல் பில்கே ககான் தன் தம்பி குல் திகினின் நினைவாக நாட்டிய கல்தூண் அங்கே இருக்கிறது. அதன் எழுத்தை டென்மார்க் மொழியறிஞர் வில்ஹெல்ம் தாம்சென் 1893இல் படித்துக் காட்டினார். துருக்கியர் தம் மொழியில் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த மிகப் பழைய நீண்ட ஆவணங்களுள் ஒன்று அது. சீனத்தின் பட்டையும் இனிய சொற்களையும் நம்பி ஏமாற வேண்டாம் என்று தன் மக்களை எச்சரிக்கும் ககான், 'இல்'லைப் 'பிடித்து' வைத்திருக்கத் தகுந்த இடம் ஓத்துகேன் என்னும் காட்டுமலையே என்கிறார். இல், துத் ஆகிய அதே இரண்டு சொற்கள். தில்லி சுல்தானுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால். அங்கே பிடிப்பது என்பது கைப்பற்றுவதன்று, கலைந்துபோகாமல் காப்பது.

புல்வெளி வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் அச்சொல்லின் கனம் விளங்கும். கோட்டையும் வயலும் உள்ள நாட்டில், அரசன் சரிந்தாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கும். கூடாரத்தைச் சுருட்டிக் குதிரையில் ஏறிவிடும் குடிகளின் நாடு அப்படிப்பட்டதன்று. தலைவன் தளர்ந்தால் ஒரே பருவத்தில் குடிகள் நாலா திசையும் பிரிந்துவிடுவார்கள். நாடு என்று ஒன்று இருந்த சுவடே இராது. ஆகையால், நாட்டைத் திரட்டுவது, ஒழுங்கமைப்பது, பிடித்துவைத்திருப்பது ஆகிய மூன்றுமே அங்கே அரசனின் தொழில்கள். மூன்றுமே பெயர்களாகவும் பட்டங்களாகவும் ஆயின. 682 வாக்கில் துருக்கிய அரசை மீண்டும் நிறுவிய ககானின் பட்டம் 'இல்தெரிஷ்', அதாவது நாட்டைத் திரட்டியவன். ஒழுங்கமைத்தவன் 'இல் எத்மிஷ்'. கலையாமல் பிடித்தவன் 'இல்துத்மிஷ்'.

கடைசித் துண்டான 'மிஷ்' ஓர் இறந்தகால விகுதி. 'செய்த', 'செய்தவன்' என்ற பொருளைத் தரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணால் கண்டதைச் சொல்லத் துருக்கியர் ஒரு விகுதியையும், காணாமல் பிறகு அறிந்ததைச் சொல்ல 'மிஷ்' விகுதியையும் பயன்படுத்துவார்கள். நாம் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான். 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிக்கு அகராதி தொகுத்த மஹ்மூத் காஷ்கரியே இதைக் குறித்திருக்கிறார். பெயரில் வரும்போது இந்த நிழல் மறைந்து, 'பிடித்தவன்' என்ற தூய எச்சப்பொருளே எஞ்சும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய துருக்கி மொழியின் ஓசை ஒழுங்குப்படி 'துத்' என்பதற்குப் பின் 'முஷ்' என்றுதான் வர வேண்டும். பழைய துருக்கிய மொழியில் அந்த விதி இல்லை. 'மிஷ்' என்று நிற்பதே இப்பெயரின் முதுமைக்கு ஒரு முத்திரை.

இந்த விகுதியில் முடியும் ஆண்பெயர்கள் வேறு சிலவும் உண்டு. அனத்தோலியாவில் செல்ஜுக் அரசை நிறுவிய சுலைமானின் தந்தை குதல்மிஷ், 'நற்பேறு பெற்றவன்'. அவர் பெயரும் அரபு நூல்களில் இதே போல் பலவாறு சிதைந்தது. 14ஆம் நூற்றாண்டில் பொன் கூடார அரசை ஆண்ட தொக்தாமிஷ், 'நிலைத்து நின்றவன்'. எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது துருக்கியின் சிற்றூர்களில் வழங்கும் 'சாத்தில்மிஷ்' என்ற பெயர். அதற்கு 'விற்கப்பட்டவன்' என்று பொருள். குழந்தை தங்காத வீடுகளில், ஒரு மகானுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு, அவருக்கே விற்றுவிட்டதாகப் பாவித்து இட்ட பெயர். 'துர்சுன்' என்ற பெயரும் அத்தகையதே. 'நிலைத்திருக்கட்டும்' என்பது அதன் பொருள். பிச்சை, குப்பை என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டு எமனை ஏமாற்றப் பார்த்த நம் ஊர்த் தாய்மாருக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தியன்று.

விற்கப்படாத பிள்ளைகளுக்கு 'விற்கப்பட்டவன்' என்று பெயர். உண்மையிலேயே விற்கப்பட்ட பிள்ளைக்கோ 'நாட்டைப் பிடித்தவன்' என்று பெயர்! இல்துத்மிஷின் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. இல்பாரி என்னும் துருக்கியக் குடியின் தலைவர் ஒருவரின் மகன் அவர் என்றும், பொறாமை கொண்ட உடன்பிறந்தார் அவரைக் குதிரைக்கூட்டம் பார்க்க அழைத்துச் சென்று வணிகரிடம் விற்றுவிட்டனர் என்றும் மின்ஹாஜ் எழுதுகிறார். புகாராவில் கைமாறினார், கஜினிக்கு வந்தார். அங்கே கேட்ட விலைக்கு வணிகர் இசையாததால், அந்நகரில் யாரும் அவரை வாங்கக் கூடாது என்று கோரி முகமது தடை விதித்தார். பின்னர் தில்லியில் குத்புதீன் ஐபக் அவரையும் மற்றோர் அடிமையையும் சேர்த்து ஒரு லட்சம் ஜித்தலுக்கு வாங்கினார். விலைச்சீட்டோடு வந்த சிறுவன், அதே நகரின் அரியணையில் 25 ஆண்டுகள் அமர்ந்தான்.

பெயர்தான் இந்த உயர்வை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று எழுதத் தோன்றும். அது பின்னிருந்து முன்னோக்கிப் பார்ப்பதால் வரும் மயக்கம். குடித்தலைவர்களின் வீடுகளில் புழங்கிய பெருமிதப் பெயர் அது; அவ்வளவுதான். அப்பெயரோடு அடிமைத்தனம் எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே உண்மையான வியப்பு. அவருடைய நாணயங்கள் சிலவற்றில் அவர் பெயரை அடுத்து 'அல்-குத்பி' என்று இருக்கிறது. 'குத்புதீனுக்கு உரியவன்' என்று அதற்குப் பொருள். நாட்டைப் பிடித்தவன், இன்னாரின் அடிமை என்ற இரண்டும் ஒரே நாணயத்தில் அருகருகே நிற்கின்றன. அடிமை அரசனாக முடியுமா என்று கேட்கவந்த நீதிமான்களின் நோக்கத்தை அவர்கள் வாய் திறக்கும் முன்பே உணர்ந்து, தாம் அமர்ந்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கி விடுதலைச் சீட்டை எடுத்துக் காட்டினாராம் சுல்தான். இபின் பதூதா கேட்டு எழுதிய கதை இது. துருக்கியர் சொல்லியிருந்தால் 'மிஷ்' விகுதி போட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்றைய விவாதச் சூழலில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இல்துத்மிஷ் என்பது இஸ்லாமியப் பெயரன்று. அதில் சமயம் எதுவும் இல்லை. அரபு மொழியில் ஓர் எழுத்தும் இல்லை. இஸ்லாம் அந்தப் புல்வெளியை எட்டுவதற்கு முன்பே உருவான அரசியல் சொற்றொடர் அது. 'சமயத்தின் கதிரவன்' என்று பொருள்படும் ஷம்சுதீன் என்பது அவருடைய அரபுப் பட்டம். அவருடைய எஜமானர் ஐபக்கின் பெயரும் துருக்கியப் பெயரே. நிலவின் தலைவன் என்று பொருள். போட்டியாளர் தாஜுதீன் யில்திசின் பெயருக்கு விண்மீன் என்று பொருள். இவர்கள் அனைவரையும் ஒரே சமய அடையாளத்துக்குள் அடைத்துவிடும் நம் பழக்கத்துக்கு இப்பெயர்கள் இடம்கொடுப்பதில்லை.

ஆனால், நிலைத்தது அரபுப் பட்டம்தான். தில்லியின் பாலம் பகுதியில் படிக்கிணறு அமைத்த வணிகர் ஒருவர் 1276இல் பொறித்த வடமொழிக் கல்வெட்டு சுல்தான்களை வரிசைப்படுத்துகிறது. அதில் அவர் 'சமசதீன' மட்டுமே. துருக்கியப் பெயர் இல்லை. சுல்தான் இறந்து நாற்பதே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அவருக்குப் பின் அரியணை ஏறிய பிள்ளைகளின் பெயர்களும் ஃபிரோஸ், ரசியா, பஹ்ராம், மஹ்மூத் என்று பாரசீகமும் அரபுமாகவே இருந்தன. வாயில் புழங்காத பெயர், எழுத்தை மட்டும் நம்பி வாழ வேண்டியதாயிற்று. எழுத்தோ ஒரு பல்லை இழந்து நின்றது.

அப்படிப் பிழையாகப் பிறந்த 'அல்தமிஷ்' என்ன ஆயிற்று? அது அழிந்துபோகவில்லை. வட இந்தியாவிலும் வங்கத்திலும் பாகிஸ்தானிலும் பெற்றோர் அதைத் தம் பிள்ளைகளுக்கு இட்டார்கள், இன்றும் இடுகிறார்கள். வரலாற்று நூலில் சுல்தானின் பெயரை இரண்டு தகரங்களோடு 'இல்துத்மிஷ்' என்று அச்சிடுவதே முறை. பாடநூல்கள் கிரகணக் கதையைக் கைவிடுவதும் நல்லது. ஆனால், தன் பெயர் அல்தமிஷ் என்று சொல்லும் ஓர் இளைஞரிடம், அது எழுத்துப்பிழை என்று திருத்தப் போவது சரியாகாது. அவர் பெயர் அதுதான். 2012 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றவரின் பெயர் அல்தமஸ் கபீர்.